கலையரசிக்கு ஒரு பெட்டி

மழைக்கு அன்றைக்கு யார் மேல் என்ன கோபமோ... குடியாத்தத்தில் பிடித்தது, ரயில் வளத்தூர் வந்தும் விடவில்லை.

ஜன்னலை இறக்கிவிட்டு ஹேமலதா மடியில் ஒரு பெட்டியுடன் உட்கார்ந்திருந்தாள். காலடியில் பெரிய கட்டைப்பை, அதற்குள் இன்னும் பதினோரு பெட்டிகள். அத்தனையும் அவள் கையால் செய்த கிறிஸ்துமஸ் பரிசுப் பெட்டிகள். ஆம்பூர் ஷூ கம்பெனிகள் அச்சு சரியில்லை என்று கழித்துப் போட்ட அட்டைப்பெட்டிகளை வாங்கிப் பிரிப்பாள். உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி மடித்து, மேலே லுங்கித் துணி ஒட்டுவாள். அப்பா பரந்தாமனுக்குக் குடியாத்தத்தில் இரண்டு விசைத்தறி. சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட வெட்டுத் துண்டுக்கு வீட்டில் பஞ்சமே இல்லை. வெள்ளைக்காரன் கிறிஸ்துமஸ் காகிதத்தில் அச்சடிக்கிற அதே கட்டத்தைத்தான் எங்கள் ஊர் ஆம்பிளைகள் வருஷம் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் இவள்தான்.

மடியில் இருந்தது பன்னிரண்டில் அழகானது. மூடியின் மேல் கிரேப் காகிதத்தில் சிவப்பாய் ஒரு பூ. பூவின் நடுவே மூன்று குன்றிமணி. பக்கத்தில் வெள்ளிச் சாயம் பூசிய சவுக்குக் காய் இரண்டு. அதைப் பையில் போட்டால் நசுங்கிவிடும் என்று மடியில் வைத்திருந்தாள்.

ரயில் நகரத் தொடங்கியபோது ஒருவன் ஓடி வந்து ஏறினான். தொப்பலாக நனைந்திருந்தான். நேராக வந்து அவள் எதிரே நின்றான். நின்றவன் சும்மா நின்றானா... தலையை ஒரு உதறு உதறினான்.

ஏழெட்டுத் துளிகள் பூவின் மேல் விழுந்தன. சிவப்புச் சாயம் கரைந்து வழிந்து, வெள்ளிச் சவுக்குக் காயைத் தொட்டது.

"ஏங்க, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"ஐயோ... சாரிங்க. தெரியாம..."

"தலைய உதறுறதுக்கு இந்த ரயில்ல வேற எடமே கிடைக்கலையா? மூணு மணி நேரம் உக்காந்து பண்ணின பூவுங்க இது."

"கைக்குட்டை எடுத்துத் தொடைக்கலாம்னா ஒரு கை ஃப்ரீயா இல்லீங்க."

அப்போதுதான் கவனித்தாள். அவனுடைய வலது கை சட்டைக்குள் இருந்தது. நெஞ்சோடு எதையோ அணைத்துப் பிடித்திருந்தான். பூனைக்குட்டியோ என்று பார்த்தால்... அவன் மெதுவாக வெளியே எடுத்தது ஒரு ஷூ. பெண்கள் போடுகிற சிவப்பு ஷூ, குதிகால் உயர்ந்தது. ஒற்றை.

ஹேமலதாவுக்குக் கோபம் மறந்துபோய்விட்டது.

"இன்னொண்ணு எங்க?"

"இன்னொண்ணு கிடையாது. ஒத்தக் கால்தான்."

"பொம்பளைங்க ஷூவ சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு ஓடி வர்றீங்க. அதுவும் ஒத்தக் கால். யாராவது பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

"பாத்தவங்க நீங்கதான். நீங்க இன்னா நெனைச்சீங்க?"

அவன் இமை முடியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துத் தொலைத்தாள். பார்த்திருக்கக் கூடாது... கண்ணா அது. திட்ட வந்தவளையே சிரிக்க வைக்கிற கண்.

அவன் பெயர் குமரன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், சாம்பிள் ரூமில் வேலை. மாதிரிக்கு அனுப்பும் ஷூவை ஒற்றைக் காலாகத்தான் செய்வார்களாம். ஒரு தையல் சரியில்லை என்று முந்தின நாள் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான். மத்தியானத்துக்குள் அது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்கு கூரியரில் போக வேண்டும். வளத்தூர் ஸ்டேஷன் வாசலில் பிளாஸ்டிக் பை கிழிந்துவிட்டது.

"ஏங்க, அந்தப் பெட்டிய எனக்குக் குடுப்பீங்களா? எப்படியும் நான் கெடுத்துட்டேன்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே மூடியைத் திறந்து நீட்டினாள். அவன் ஷூவை உள்ளே வைத்து மூடியை மேலே வைத்தான். மூடி அவசரப்படாமல், உள்ளேயிருந்த காற்றை விட்டுக்கொண்டே தானாக இறங்கி உட்கார்ந்தது. குமரன் மறுபடி திறந்தான். மறுபடி வைத்தான். மறுபடியும் அப்படியே இறங்கியது.

"யாரு பண்ணினது இது?"

"நான்தான்."

"மூடிக்கு எவ்ளோ இடைவெளி விட்டீங்க?"

"ஒரு நூல், அரைக்கால் இன்ச்."

"ஒரு நூலுக்கு ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல..." என்று அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்த அதே பார்வை. ஆம்பூர் வரும் வரைக்கும் ஹேமலதா இறக்கிவிட்ட ஜன்னலையே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயந்தரமே அவன் கடைக்கு வந்து நின்றான்.

ஆம்பூர் பஜாரில் அஃப்ஸர் ஜஹான் நடத்துகிற ஃபேன்சி ஸ்டோர் அது. டிசம்பர் மாதம் முழுக்க ஹேமலதா அங்கேதான். தான் செய்த பெட்டிகளை விற்பாள், வருகிறவர்கள் கேட்கிறபடி அலங்காரமும் செய்து கொடுப்பாள். அஃப்ஸர் ஜஹானுக்கு ஐம்பது வயது, வாய்க்கு மட்டும் இருபது.

"எங்க கம்பெனியில வருஷா வருஷம் கிறிஸ் ஃப்ரெண்ட் சீட்டு எடுப்போங்க" என்றான் குமரன். "நம்ம சீட்டுல யாரு பேரு வருதோ அவங்களுக்கு கிறிஸ்துமஸுக்கு கிஃப்ட் குடுக்கணும். இந்து, முஸ்லிம், கிறிஸ்டியன் எல்லாரும் எடுப்போம். கிஃப்ட்டு வெக்க நல்ல பெட்டியா ஒண்ணு நீங்க பண்ணித் தரணும்."

"இங்க இருக்கறதுல ஒண்ணு எடுத்துக்கலாமே?"

"இல்ல, புதுசா. இதுக்குன்னே பண்ணணும்."

"பேரு எழுதணும். யாருக்கு?"

"கலையரசி."

ஹேமலதா எழுதினாள். க... லை... ய... எழுதும்போதே அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை? அந்தப் பெண்ணை அவள் பார்த்ததுகூட இல்லை. காலையில் ரயிலில் பார்த்த ஒருவன் யாருக்குப் பெட்டி கொடுத்தால் இவளுக்கென்ன? அவன் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை.

"இன்னா லதா, மூஞ்சி பேஜாரா இருக்குது?" என்றாள் அஃப்ஸர் ஜஹான்.

"ஒண்ணுமில்லக்கா. பசை வாசனை."

"நாலு வருசமா வராத பசை வாசனை இன்னிக்கு வந்துச்சா..."

முதல் பெட்டியை ஹேமலதா இரண்டு நாள் செய்தாள். மைதா மாவில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சி, துணியில் ஒரு சுருக்கம் விழாமல் விரலால் நீவி நீவி ஒட்டினாள். லுங்கியின் கரையைக் கிழித்து ரிப்பனாக முடிந்தாள். மறுநாள் ரயிலில் வளத்தூரில் ஏறிய குமரனிடம் கொடுத்தாள். அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். மூடியை நான்கு முறை இறக்கிப் பார்த்தான்.

"நல்லா இருக்குதுங்க... ஆனா..."

"ஆனா இன்னா?"

"கட்டம் கொஞ்சம் பெரிசா தெரியுது. வேற ஒண்ணு ட்ரை பண்ணலாமா?"

ஹேமலதாவின் பெட்டி எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அவளுக்குச் சுருக்கென்றது.

"கோவிச்சுக்காதீங்க. எங்க பையரும் இப்படித்தான். முதல் சாம்பிள்ள ஒரு குறை சொல்லுவாரு, ரெண்டாவதுல ஒரு குறை சொல்லுவாரு. டெய்லி போன் பண்ணுவாரு. கன்ஃபர்ம் பண்ணிட்டா அதோட சரி, அப்புறம் நாம யாருன்னே அவருக்குத் தெரியாது."

"அப்போ இந்தப் பெட்டியத் திருப்பிக் குடுங்க."

"சாம்பிளத் திருப்பிக் குடுக்கற வழக்கம் இல்லீங்க" என்று சிரித்துக்கொண்டே அதைத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

இரண்டாவது பெட்டியில் சின்னக் கட்டம். பச்சைத் தோல் வெட்டுத் துண்டில் இலைகள் நறுக்கி ஒட்டி, இடையிடையே குன்றிமணி பதித்திருந்தாள். அதற்கும் வந்தது ஒரு 'ஆனா'. இலை கொஞ்சம் ஜாஸ்தியாம்.

தினமும் காலையில் அரைமணி நேரம். வளத்தூரில் ஏறுவான், ஆம்பூரில் இறங்குவார்கள். அந்த அரைமணிக்காக ஹேமலதா தலைவாரும் நேரம் அரைமணி கூடியது. ஆனால் பேச்செல்லாம் என்ன பேச்சு... பெட்டிப் பேச்சு. கலையரசிக்குப் போகிற பெட்டிப் பேச்சு. ஒருத்திக்காக ஒருவன் இத்தனை மெனக்கெடுவானா? கட்டம் பெரிசு, இலை ஜாஸ்தி... அப்படி என்ன ரம்பை அவள்?

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"அந்தக் கலையரசி எப்படி இருப்பாங்க?"

"கலையரசியா? அவங்க காலு கரெக்டா முப்பத்தேழு."

"நான் காலையா கேட்டேன்?"

"சாம்பிள் எல்லாம் முப்பத்தேழாம் நம்பர்லதாங்க பண்ணுவோம். கம்பெனியில ஆயிரம் பொம்பளைங்க இருக்காங்க, அந்த அளவுக்கு அச்சா இருக்கறது அவங்க காலு ஒண்ணுதான். தையல் செக்‌ஷன்ல இருந்து அவங்கள வரச் சொல்லித்தான் ஒவ்வொரு ஷூவையும் போட்டுப் பாப்போம். விரல்லாம் அளவெடுத்து வெச்ச மாதிரி இருக்குங்க. குதிகாலு..."

"போதும்."

"இல்ல, நீங்க கேட்டீங்களேன்னு..."

"மூஞ்சியக் கேட்டேன். குதிகாலக் கேக்கல."

அவன் விழித்தான். இந்த ஆம்பிளைகளுக்குக் கடவுள் வாயைக் கொடுத்த அளவுக்கு வேறு எதையும் கொடுப்பதில்லை.

அன்று ராத்திரி அப்பா தறியில் நூல் மாற்றிக்கொண்டிருந்தபோது ஹேமலதா ஒரு காகிதத்தின் மேல் ஏறி நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். ஸ்கேல் வைத்து அளந்தாள். போனில் ஷூ அளவு அட்டவணையைப் பார்த்தாள். நாற்பது. மறுபடி அளந்தாள். மறுபடியும் நாற்பது. நிமிர்ந்தபோது அப்பாவின் பாதம் கண்ணில் பட்டது. இதே கால்.

"இன்னாம்மா என் காலையே மொறைச்சுப் பாக்கற?" என்றார் பரந்தாமன்.

"ஒண்ணுமில்லப்பா" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அதோடு நின்றிருந்தால்கூடப் போயிருக்கும். பதினெட்டாம் தேதி கடைக்கு வந்த குமரன் ஷூ அளவுக்குறிப்பு ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போனான். கொடுத்துவிட்டு வரலாம் என்று ஹேமலதா கம்பெனிக்கே போனாள். செக்யூரிட்டி சாம்பிள் ரூமுக்கு வழி காட்டினார். கண்ணாடிக் கதவு. கதவைத் தட்ட ஓங்கிய கை அப்படியே நின்றது.

உள்ளே ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மாநிறம், நீளப் பின்னல், சிரித்த முகம். அவள் முன்னால் குமரன் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, அவள் பாதத்தைத் தன் முழங்கால் மேல் வைத்திருந்தான். ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினான்.

"இங்க இறுக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"லேசா..."

அவன் அதே இடத்தை மறுபடி, இன்னும் மெதுவாக அழுத்தினான்.

வேலைதான். ஹேமலதாவுக்குத் தெரியும். டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி, வளையல்காரர் கை பிடிக்கிற மாதிரி... எல்லாம் தெரியும். தெரிந்தும் வயிறு பற்றி எரிந்தது. அந்தக் கை இத்தனை மெதுவாக ஒன்றைத் தொடும் என்றால், அது ஏன் கலையரசியின் காலாக இருக்க வேண்டும்? குறிப்பை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு அவள் வேகமாக நடந்தாள். பஜார் முழுக்கக் கட்டித் தொங்கவிட்ட காகித நட்சத்திரங்களில் ஒன்றுகூட அவள் கண்ணில் படவில்லை.

மூன்றாவது பெட்டியை மோசமாகச் செய்திருக்கலாம். மனசு வரவில்லை. அவளுக்குப் போகிற பெட்டி அசிங்கமாக இருந்தால் தோற்றது நான் என்று நினைத்தாள். தூய வெள்ளைத் துணி ஒட்டினாள். கலர் இல்லை, கட்டம் இல்லை. மூடியின் நடுவே தங்க நிறத் தோலில் ஒரே ஒரு நட்சத்திரம். அதை அஃப்ஸர் ஜஹான்கூடக் கிண்டல் செய்யாமல் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் குமரன் வந்தான். பெட்டியைப் பார்த்தான். இந்த முறை 'ஆனா' இல்லை. அவன் முகத்தில் சந்தோஷமும் இல்லை.

"இதுல சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே..." என்றான், எதையோ தொலைத்த மாதிரி. காக்கிக் காகிதத்தில் சுற்றிய பொருள் ஒன்றை மேஜையில் வைத்தான். "இதை உள்ள வெச்சு கட்டி வெச்சிடுங்க. சாயந்தரம் வந்து எடுத்துக்கறேன். அப்புறம்... நாளைக்கு ஃபங்ஷனுக்கு நீங்களும் வரணும். பெட்டியத் திறக்கறப்போ நீங்க பக்கத்துல இருக்கணும்."

"எனக்கு வேலை இருக்குது."

"ஒரு மணி நேரம்தாங்க."

"அவங்க கிஃப்ட்ட அவங்க திறக்கப் போறாங்க. நடுவுல நான் எதுக்கு?"

அவன் ஒன்றும் புரியாமல் போனான். ஹேமலதா பொருளைக் கையில் எடுத்தாள். உள்ளே... டிக், டிக், டிக். டைம்பீஸ். ஓ... நேரம் பார்க்கும்போதெல்லாம் என் நினைப்பு வரட்டும் என்றா? காலையில் கண் திறந்ததும் முதலில் என்னை நினை என்றா? பொறாமை பிடித்தவள் காதில் டைம்பீஸும் காதல் வசனம் பேசும்.

அஃப்ஸர் ஜஹான் தொழுகைக்குப் போயிருந்தாள். மேஜைக்கு அடியில் சொல்யூஷன் டப்பா இருந்தது. ஆம்பூரில் அது இல்லாத கடையோ வீடோ கிடையாது. ஷூவின் அடியை மேல்தோலோடு ஒட்டுகிற மஞ்சள் பசை. ஆள் நடந்து நடந்து தேய்ந்தாலும் விடாது. ஹேமலதா பிரஷ்ஷை எடுத்தாள். பெட்டியின் விளிம்பைச் சுற்றிலும் தடவினாள், மூடியின் உள்பக்கத்திலும் தடவினாள். மூடியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நூறு வரை எண்ணினாள். திறக்கட்டும்... முப்பத்தேழாம் நம்பர் மகாராணி எப்படித் திறக்கிறாள் என்று பார்ப்போம்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும்தான். மேலே ரிப்பன் கட்டும்போதே செய்தது தப்பு என்று உறைத்துவிட்டது. பிய்த்துவிடலாமா என்று இழுத்துப் பார்த்தாள். சொல்யூஷன் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. சாயந்தரம் அவன் வந்தபோது எதையாவது சொல்லித் தடுத்திருக்கலாம். அவன், "ரொம்ப தேங்க்ஸுங்க" என்று சொல்லி ஒரு நிமிஷம் நின்றான். அவள் நிமிரவில்லை. போய்விட்டான்.

மறுநாள் காலை ரயிலில் ஹேமலதா பெண்கள் பெட்டியில் ஏறினாள். கடையில் கை வேலை செய்தது, கண் வாசலிலேயே இருந்தது. ஃபங்ஷன் மூன்று மணிக்கு. நாலு ஆயிற்று. நாலரை. கூட்டத்தின் நடுவே பெட்டியைத் திறக்க முடியாமல் அவன் தலைகுனிந்து நிற்பதை நினைத்து நினைத்து, கட்டிய ரிப்பனையே மூன்று முறை அவிழ்த்துக் கட்டினாள். அந்தப் பெண்ணை அவமானப்படுத்தக் கிளம்பினோமே, அவமானப்படப் போவது அவன் அல்லவா... அது நேற்று ஏன் தோன்றவில்லை?

ஐந்து மணிக்கு மழை தூறத் தொடங்கியபோது கலையரசி கடைக்குள் வந்தாள். கையில் அதே வெள்ளைப் பெட்டி. ரிப்பன் இல்லை, மூடி மட்டும் அப்படியே இருந்தது. பின்னாலேயே குமரன்.

"நீங்கதான் ஹேமலதாவா?" என்றாள் கலையரசி. "இந்தப் பெட்டியக் கொஞ்சம் திறந்து குடுங்க. எங்க கம்பெனியே இழுத்துப் பாத்துருச்சு."

"இன்னா ஆச்சு?" குரல் ஹேமலதாவுக்கே கேட்கவில்லை.

"இன்னா ஆகல? எல்லாரும் சுத்தி நின்னு இழுக்கறாங்க, வரல. சரி, ஜெபம் முடிஞ்சு பாத்துக்கலாம்னு மேஜை மேல வெச்சேன். பாஸ்டர் கண்ண மூடி ஜெபம் பண்றாரு... உள்ள இருந்து அலாரம் அடிக்குது. நிறுத்தவும் முடியல, திறக்கவும் முடியல. எம்.டி. பக்கத்துல நிக்கறாரு. நான் பெட்டியத் தூக்கிட்டு மழையில வெளிய ஓடினேன்."

அஃப்ஸர் ஜஹான் சிரிப்பை முந்தானையில் அமுக்கிக்கொண்டு, டீ சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பிப் போனாள்.

"யாரு இப்படி ஒட்டினதுன்னு எம்.டி. கேட்டாரு" என்றாள் கலையரசி. "இவரு, நான்தான் சார், தெரியாம ஒட்டிட்டேன்னுட்டாரு. சாம்பிள் ரூம் ஆளுக்கு சொல்யூஷன் எங்க போடணும்னு தெரியாதான்னு அத்தனை பேரு முன்னாடியும் வாங்கிக் கட்டிக்கிட்டாரு."

ஹேமலதா குமரனைப் பார்த்தாள். அவன் கோபமாக இருந்தால்கூடத் தேவலை. சோர்ந்த முகத்தோடு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு ஒட்டல" என்றாள். "நான்தான் ஒட்டினேன். தெரியாம இல்ல. வேணும்னேதான்."

"ஏங்க?" என்றான் குமரன்.

எத்தனையோ பொய் சொல்லலாம். ஒன்றும் வரவில்லை. "அன்னிக்கு கம்பெனிக்கு வந்தேன். இவங்க கால நீங்க பிடிச்சிருந்ததைப் பாத்தேன். வேலைன்னு தெரியும். ஆனா... எனக்குப் பிடிக்கல."

கலையரசி மேஜையில் கிடந்த கத்தியை எடுத்து மூடியின் ஓரமாகச் செருகி அறுத்தாள். டைம்பீஸை வெளியே எடுத்தாள். அதன் முதுகில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை.

"பாருங்க" என்று ஹேமலதாவிடம் காட்டினாள். "மூணு வாரமா பெட்டி, பெட்டின்னு அலைஞ்ச ஆளு, உள்ள வெக்கற பொருளைக் கடைசி நேரத்துல ஓடிப்போய் வாங்கியிருக்காரு. ஷூ போட்டுப் பாக்க நான் லேட்டா வர்றேன்னு டைம்பீஸு." சிரித்தாள். ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வருசமா இவரு முன்னாடி உக்காந்துட்டிருக்கேன். எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குதில்ல... ஒரு நாளாச்சும் நிமிந்து பாக்க மாட்டாரான்னு நெனைச்சிருக்கேன். பாத்ததில்ல. ஷூவத்தான் பாப்பாரு. உங்க பெட்டிய வெச்சுக்கிட்டு மட்டும் தனியா சிரிச்சிட்டு இருப்பாரு. வயிறு எரியணும்னா எனக்குத்தாங்க எரியணும்."

சொல்லிவிட்டு டைம்பீஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். குமரன் எதையோ சொல்ல வாயெடுத்தான். "திங்கக்கிழமை ஃபிட்டிங்குக்கு சீக்கிரம் கூப்பிடுங்க, எனக்கு தையல் லைன்ல வேலை ஜாஸ்தி" என்று அவனிடம் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். ஹேமலதாவுக்கு முதல் முறையாக அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. நல்ல முகம். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் குடை பஜார் கூட்டத்தில் மறைந்துவிட்டது.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றான் குமரன். "முதல் பெட்டியில கட்டம் பெரிசா இல்ல. ரெண்டாவதுல இலை ஜாஸ்தியும் இல்ல."

"இன்னா?"

"ரெண்டுலயும் ஒரு குறையும் இல்ல. நல்லா இருக்குதுன்னு சொல்லி வாங்கிட்டா, அதோட முடிஞ்சு போச்சு. அப்புறம் இன்னான்னு உங்ககிட்ட வந்து பேசறது? அதான்... பையர் மாதிரி கன்ஃபர்ம் பண்ணாமயே இழுத்துட்டு இருந்தேன். மூணாவது பெட்டியப் பாத்ததும் பயமாப் போச்சு. குறை சொல்ல இடமே விடல நீங்க."

ஹேமலதாவுக்கு மகிழ்ச்சிதான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"குறையே இல்லாத பெட்டியக் குறை சொன்னீங்களா? என் கட்டம் பெரிசுன்னு ஒரு ராத்திரி பூரா தூங்கல நான். ஒவ்வொரு இலையையும் ஊசியால எடுத்து ஒட்டினேன் தெரியுமா?"

"தெரியும். அதுக்குத்தான் எம்.டி. கிட்ட திட்டு வாங்கறப்போ சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். எனக்கு அது வேணும்."

"பேசினா ஆச்சா?"

"ஆகாது. நீங்க ஒட்டினதுக்கு நான் திட்டு வாங்கினேன். நான் பொய் சொன்னதுக்கு நீங்க தூங்காம இருந்தீங்க. ரெண்டு பேருல யாரு ஜாஸ்தி மோசம்னு உக்காந்து பேசணும்னா, ரயில்ல தினம் அரைமணி நேரம் பத்தாதுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், கண்ணீரும் சேர்ந்து வந்துவிட்டது. அவன் அருகில் வந்தான். தொடவில்லை. அறுபட்ட மூடியை எடுத்து, பிசிறு தட்டிய ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல நீவினான். கண்ணாடிக் கதவு வழியாக அன்று பார்த்த அதே மெதுவான விரல். ஆனால் இன்றைக்குக் கண் குனியவில்லை. நேராக அவளையே பார்த்தது.

"ஹேமா... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ரயில்ல ஏறி உங்க எதிர்ல நின்னதுல இருந்து. இதுல பொய் இல்ல."

வெளியே மழை வலுத்தது. அவள் தாவணி நுனியைத் திருகினாள், விட்டாள், மறுபடி திருகினாள்.

"திங்கக்கிழமை ஃபிட்டிங்கா?" என்றாள்.

"ஆமா."

"அவங்க காலத்தான் பிடிக்கணுமா?"

"பிடிக்கணும். எங்க வேலையே அதானுங்க. மறைக்கல."

"பிடிங்க. வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா எரியும் எனக்கு. அதையும் மறைக்க மாட்டேன்."

"எவ்ளோ எரியும்?"

"அன்னிக்கு எரிஞ்ச அளவுக்கு."

"எப்ப வரைக்கும்?"

ஹேமலதா நிமிர்ந்தாள். இனிமேல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

"கிழவியானாலும் எரியும்" என்றாள். "அவ்ளோ பிடிச்சிருக்குங்க உங்கள..."